கோணமலையும் ஒரு செலவுக் கணக்கும்

வெளிநாடு போய் வந்தவரிடம், "எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே தொகையைச் சொல்லி நிறுத்திக்கொள்வார். கேட்டவரும் அதை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, நாளொன்றுக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்று மனத்திற்குள் முடிவு கட்டிவிடுவார். அந்த வகுத்தல் எங்கே பிழைத்தது என்பது, அயல்நாட்டு ரயில் நிலையம் ஒன்றில் விடியற்காலையில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கும்போதுதான் தெரியவரும். அப்படி நின்றவர்களுள் நானும் ஒருவன். குடும்பத்தோடு பிரயாணம் செய்ய எண்ணும் நேயர்களுக்கும், விடுமுறையில் நண்பர்களோடு புறப்பட விரும்பும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, திருகோணமலையில் நாங்கள் கழித்த நான்கு நாட்களின் கணக்கை ஒளிவின்றி எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு மே மாதத்துக் கடைசி வாரம். என் தாயார், என் மனைவி, கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்த என் மகன், நான் ஆக நால்வர் புறப்பட்டோம். எத்தனையோ ஊர்கள் இருக்கத் திருகோணமலைக்கு ஏன் என்று கேட்கலாம். என் தாயார் பிறந்தது அங்கேதான். அவருடைய தந்தையார் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கடைச் சிப்பந்தியாகப் போனவர். உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையால் அந்தத் துறைமுகம் பெருகியபோது, அதை அண்டியிருந்த கடைகளும் பெருகின. 1957ஆம் ஆண்டு அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு மாறியதும் கடைத்தெருவின் வியாபாரம் சுருங்கிற்று. தாத்தா ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதற்கு முந்தின ஆண்டே பாட்டியார் திருகோணமலையில் காலமாகியிருந்தார். எழுபத்தாறாம் வயதில் என் தாயார், "ஒரு தடவை கோணமலையைப் பார்த்துவிட்டால் போதும், தம்பி" என்றார். அதற்கு மேல் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாயார் வந்த வழி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் அழித்துவிட்டது. கடல் வழியாக வந்தவர் கடல் வழியாகவே போகட்டும் என்று, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலை எண்ணி என் திட்டத்தை வகுத்தேன். அந்தக் கப்பற்சேவை 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கிச் சில நாட்களிலேயே நின்றது. 2024 மே மாத நடுவில் மீண்டும் ஓடும் என்று அறிவிப்பு வந்தது, பிறகு தேதி தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று. கடைசியில் ஆகஸ்டு 16ஆம் தேதிதான் கப்பல் புறப்பட்டது. கல்லூரி விடுமுறை அதுவரை காத்திருக்குமா? திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானச் சீட்டு வாங்கினோம். கப்பலுக்கு என்று ஒதுக்கிய தொகை விமானத்துக்குப் போதவில்லை. பயணத்தின் முதற் செலவு வீட்டு வாசற்படியைத் தாண்டுமுன்பே என் கணக்கை மீறிவிட்டது.

இதிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். பயணப் பணத்தை மூன்று உறைகளாகப் பிரித்தேன். முதல் உறையில், புறப்படுமுன்பே செலவாகி முடிந்துவிடும் பணம்: பயணச் சீட்டு, கடவுச்சீட்டு தொடர்பான செலவு, விசா முதலியன. இலங்கைக்கான விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன; இந்தியருக்கு 2023 நவம்பர் முதல் கட்டணமில்லாச் சலுகையும் கிடைத்தது. ஆகையால் போகிற மாதத்து விதியைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு போனவர் வாய்ச்சொல் இதில் உதவாது. இரண்டாம் உறையில் அன்றாடச் செலவுக்கான பணம். மூன்றாவது, நோய்நொடிக்கும் தவறிப்போன வண்டிக்குமான பணம். இந்த மூன்றாம் உறையை என் மனைவியின் கைப்பையில் வைத்து, அதில் உள்ளதை இல்லாததாகவே பாவிப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

அன்றாடச் செலவுக்கு என்று நாங்கள் ஒதுக்கியது 20,000 இந்திய ரூபாய். அந்த வாரத்தில் நமது ரூபாய் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்தது, ஆக 70,000. மாற்று விகிதத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க டாலர் ஒன்று சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்தது. மார்ச் மாதத்தில் அந்நாட்டு மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் 360 வரை ஏறிற்று. நாங்கள் போனபோது 300 அளவில் நின்றது. இத்தகைய ஊசலாட்டத்தில் அயலாருக்கு ஆதாயம் என்று எண்ணுவோர் உண்டு. பணத்தின் மதிப்புக் குறைந்தால் கடைத்தெருவில் பருப்பும் எண்ணெயும் விலை ஏறிவிடுகின்றன. விடுதிக்காரரும் கூட்டியே கேட்கிறார். அந்த ஆண்டு அவ்வூரார் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற துன்பத்தை எண்ணினால் ஆதாயம் என்ற பேச்சே நாவில் வராது.

எழுபதாயிரத்தை நான்கால் வகுத்தேன். நாளொன்றுக்கு 17,500. அறைக்கு 8,500, உணவுக்கு 6,000, போக்குவரவுக்கும் மற்றவற்றுக்கும் 3,000 என்று பிரித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மகன் கையில் கொடுத்தேன். வணிகவியல் படிக்கிறவன், கணக்கு வைத்துப் பழகட்டும் என்பது என் எண்ணம். அவன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "புறாத்தீவு" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தீவு அது. பவளப் பாறைகளுக்குப் பேர்போனது. மாடப்புறாக்கள் வந்து முட்டையிடும் இடம். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நான்காம் நாள் இரவு ரயிலில் புறப்படுகிறோமாதலால் அன்றைக்கு அறை வாடகை இல்லை; மிஞ்சும் 8,500இல் தீவுக்குப் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயில் ஏறினோம். இரவில் பிரயாணம் செய்தால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம் என்று பயண நூல்கள் எல்லாம் சொல்கின்றன. நானும் அவ்வாறே நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். பொழுது புலருமுன் வண்டி திருகோணமலையை அடைந்தது. கடற்காற்று முகத்தில் பட்டது. விடுதிக்குப் போனால், அறை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார்கள். இளைஞர்களாயிருந்தால் பையை அங்கே போட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கலாம். இரவெல்லாம் இருக்கையில் உட்கார்ந்து வந்த எழுபத்தாறு வயதுத் தாயாரை ஏழு மணி நேரம் எங்கே உட்காரவைப்பது? அரை நாள் வாடகையாக 4,250 ரூபாய் கொடுத்து அறையைத் திறக்கச் செய்தேன். மகன் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து எழுதினான். சொல்லாமல் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தான்.

அன்று மாலை கோணேசர் கோயிலுக்குப் போனோம். நகரத்தை விட்டுக் கடலுக்குள் நீண்டு நிற்கும் மலைமுனையின் உச்சியில் கோயில். அதற்குப் போகும் வழி ஒரு கோட்டைக்குள் செல்கிறது. பிரெட்ரிக் கோட்டை என்று பெயர். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கான்ஸ்டன்டைன் டி சா பழைய பெருங்கோயிலை இடித்தான். இடித்த கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிற்று. 1803இல் ஆங்கிலேயர் தம் இளவரசன் ஒருவன் பெயரை அதற்கு இட்டனர். இராணுவம் குடியிருக்கும் அந்தக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றி உலவுகின்றன. தாயார் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு மான் உரிமையோடு வாங்கிக்கொண்டது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. புதிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது.

திருஞானசம்பந்தர் இத்தலத்தை இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. கடல் கடக்கவில்லை, அறை வாடகையும் இல்லை. நம்மைப் போன்றோர்க்கு அது வாய்க்காது. முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறையின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் கடலின் நீலம் கண்ணைக் கூசச் செய்கிறது. அந்தப் பிளவைக் காட்டி இராவணன் வெட்டு என்கிறார்கள். தன் தாய் வழிபடுவதற்காக இந்த மலையைப் பெயர்த்துக்கொண்டு போக வந்தவன் வாளால் வெட்டிய இடமாம். தாயின் விருப்பத்துக்காகக் கிளம்பிக் கணக்குத் தப்பியவர்களில் அவன் எனக்கு முன்னோன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அர்ச்சனை, பூ, தீபம் எல்லாம் சேர்த்து 1,500. ஆட்டோவுக்கு 1,900, உணவுக்கு 5,150, அறைக்கு ஒன்றரை நாள் வாடகை. முதல் நாள் மொத்தம் 21,300 ரூபாய். நாளொன்றுக்கு 17,500 என்ற என் சட்டம் முதல் நாளே உடைந்தது.

இரண்டாம் நாள் காலையில் மகன் ஒரு யோசனை சொன்னான். "இன்னிக்கு வண்டியே வேண்டாம், அப்பா. நடந்தே பார்ப்போம்" என்றான். அந்த நாள்தான் எங்கள் பயணத்தில் இனிய நாள். துறைமுகத்தைப் பார்ப்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. உட்துறைமுகத்தை ஒட்டிய வீதியில் நின்றால், குன்றுகள் சூழ்ந்த ஏரியொன்றைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. கடல் அதற்குள் எவ்வழியாக நுழைந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. நீர் மிக ஆழம். கரையை அடுத்தே பெருங்கப்பல் நிற்கலாம். எந்தப் பருவக்காற்றும் உள்ளே அலைக்கழிப்பதில்லை. இதற்காகத்தான் ஐரோப்பியர் இங்கே மோதிக்கொண்டார்கள். 1782ஆம் ஆண்டில் மட்டும் இவ்வூர் ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்கும் ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. தாத்தா அந்த நாளைப் பற்றிச் சொன்ன கதைகளைத் தாயார் கேட்டு வளர்ந்தவர். கடற்படை முகாமுக்குள் நம்மை விடமாட்டார்கள். மதிலருகில் படமெடுப்பதும் கூடாது. மாணவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பகலில் ஒரு சைவக் கடையில் சாப்பிட்டோம். சைவக் கடை என்பது நாம் சொல்லும் மரக்கறி உணவு விடுதி. சோறும், பருப்பும், மூன்று மரக்கறிகளும், ஒரு சொதியும், அப்பளமும் கிடைத்தன; மறுசோறு தாராளம். கடற்கரையை அடுத்த பெரிய விடுதிகளில் சாப்பிட்டால் விலைக்கு மேல் சேவைக் கட்டணம் பத்து விழுக்காடும், வரியும் சேரும்; 2024 ஜனவரி முதல் அந்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 18 விழுக்காடு. விலைப்பட்டியலில் கண்ட தொகை ஒன்று, கையிலிருந்து போகும் தொகை ஒன்றாகிவிடுகிறது. அறைக்குப் பேசும்போதும், எல்லாம் உட்பட எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நலம். கைப்பேசி வழியே நம் நாட்டு யுபிஐ முறையில் பணம் செலுத்தும் வசதி 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஆனால் இளநீர்க்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் நூறு ரூபாய்த் தாளுக்கு ஈடு இல்லை. சில்லறை இல்லாதவன் எப்போதும் கூடுதலாகவே கொடுக்கிறான்.

மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். குடும்பம் குடும்பமாக மக்கள் வந்திருந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூவினத்தவர் பேச்சும் காற்றில் கலந்து வந்தது. கச்சான் விற்ற சிறுவன் ஒருவன் மூன்று மொழியிலும் விலை சொன்னான். 1983இல் மூண்டு 2009இல் முடிந்த போரும், 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையும் இந்தக் கரையில் விட்ட தழும்புகளைப் பற்றி அருகிலிருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசினார். அவர் சொன்னவற்றுள் பல இங்கே எழுதத்தக்கவை அல்ல. பேச்சை மாற்றுவதற்காகத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா எந்தத் திசை என்று கேட்டேன். மகாவலி கங்கை கடலில் கலக்கும் இடம் அது. அங்கேதான் ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் தன் தந்தையின் கப்பலில் வந்து இறங்கினான். 1659இல் புயலில் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிடச் சில நாள் தங்குவதாகத்தான் உத்தேசம். கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டார். மகன் தப்பிப் போனது 1679இல். இடையில் குல்லாய் பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலம் தள்ளினானாம். சில நாளுக்குத் திட்டமிட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு தங்கியவனை நினைத்தபோது, அரை நாள் வாடகைக்காக நான் கலங்கியது சற்றே வெட்கமாயிருந்தது.

அன்றைய செலவு 13,700. இரண்டு நாளையும் கூட்டினால் சரியாக 35,000. "சராசரி பிசகவில்லை, அப்பா!" என்று மகன் குதித்தான். நானும் நிம்மதியாகத் தூங்கினேன். சராசரி என்னும் சொல் பயணிகளைத் தாலாட்டித் தூங்கவைக்கும்.

மூன்றாம் நாள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனோம். நகரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில் வடமேற்கே இருக்கிறது. ஏழு சிறு கிணறுகள் ஓரிடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. இராவணன் தன் தாய் இறந்தாள் என்று கேட்டு, அவளுக்குக் கடன் செய்வதற்காகத் திருமால் அந்தணர் வடிவில் வந்து உண்டாக்கிக் கொடுத்த ஊற்றுகள் என்பது புராணக் கதை. அதனால் அப்பகுதிச் சைவர் இறந்தார்க்குரிய அந்தியேட்டிக் கடனை இங்கே செய்வதை மரபாகக் கொண்டிருந்தனர். சுற்றுலாவாக வந்த இளைஞர்கள் வாளியில் மொண்டு ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாயார் ஒரு கிணற்றின் அருகே குனிந்து, கையால் நீரைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த கிணற்றையும் தொட்டார். நான்காவதில் நின்றுவிட்டார்.

"இந்தச் சூடுதான்" என்றார்.

பிறகுதான் சொன்னார். 1956இல் பாட்டியார் இறந்தபோது முப்பத்தோராம் நாள் தாத்தா அந்த ஊர் வழக்கப்படி இங்கே வந்து கடன் செய்தாராம். எட்டு வயதுப் பெண்ணாகிய தாயார் தண்ணீரில் கை வைத்துச் சுட்டுக்கொண்டு அழுதாராம். அந்த முப்பத்தொரு நாளும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. துறைமுகத்துக் கடைத்தெருவிலிருந்த அக்கம்பக்கத்தார் முறை வைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள். பொன்னுப்பிள்ளை மாமி ஒரு வேளை என்றால், அடுத்த வேளை எதிர்வீட்டு முஸ்லிம் அம்மா பழமும் பாலும் அனுப்புவாராம். கூலித் தொழிலாளி வீட்டிலிருந்துகூடச் சோறு வந்ததாம். "அந்தச் சோத்துக்கு ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யாமலே கப்பல் ஏறிட்டோம். உங்க தாத்தா சாகிறவரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார்" என்றார் தாயார். இருபத்துநாலு வீட்டார் என்று தாத்தா கணக்குச் சொல்வாராம். அந்த வீடுகளில் ஒன்றைக்கூட இப்போது அடையாளம் காண முடியவில்லை. முதல் நாளே அந்தத் தெருவில் நடந்து பார்த்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். ஆட்டோவும் நுழைவுச்சீட்டும் 3,100, உணவு 4,900, அறை 8,500, ஆக 16,500. கையில் இருப்பு 18,500. மறுநாள் உணவுக்கு 4,600 வேண்டும். இரவு ரயிலுக்குப் புறப்படும்வரை தாயாருக்கு அறை வேண்டும்; மறுபடியும் அரை நாள் வாடகை 4,250. பேருந்துக்கும் ரயில் நிலையம் செல்லும் ஆட்டோவுக்கும் 900. மிஞ்சுவது 8,750.

புறாத்தீவுக்கு என்ன ஆகும் என்று மகன் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். அங்கே படகு ஆள் கணக்கில் இல்லை, படகுக்கென்று வாடகை. தேசியப் பூங்காவுக்கான நுழைவுக் கட்டணம் அந்நாட்டவருக்கு ஒன்று, நம் போன்ற அயலாருக்கு அதைவிட மிகக் கூடுதல். அதன்மேல் குழுவுக்கென்று சேவைக் கட்டணம், அதன்மேல் வரி. தனியாகப் போனால் எல்லாச் சுமையும் ஒருவர் தலையில். பத்துப் பேர் சேர்ந்தால் படகும் சேவைக் கட்டணமும் பங்காகிவிடும். மாணவர்கள் குழுவாகப் போவதே சிக்கனம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மகன் வேறொரு குடும்பத்தாரோடு படகைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு பேசியிருந்தான். அவன் ஒருவனுக்கு மட்டும் 8,000 ரூபாய்க்குச் சற்று மேல்.

இங்கேதான் என் வகுத்தற்கணக்கின் பிழை முழுவதும் வெளிப்பட்டது. வந்திறங்கிய காலைக்கு ஓர் அரை நாள், புறப்படும் மாலைக்கு ஓர் அரை நாள், இரண்டும் சேர்த்து 8,500 ரூபாய். அந்த ஒரு வரியை நான் ஊரிலேயே எழுதியிருந்தால், இரண்டும் நடந்திருக்கும். முதியவரை உடன் அழைத்துச் செல்கிறவர் வரும் நாளையும் போகும் நாளையும் தனியாகக் கணக்கிட வேண்டும். அவை மற்ற நாட்களைவிடக் கூடுதலாகவே விழுங்கும்.

"மூணாவது உறையிலிருந்து எடுக்கலாமா, அப்பா?" என்று மகன் கேட்டான். நான் மறுத்தேன். தாயாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. இன்னும் ஓர் இரவு ரயிலும் ஒரு விமானமும் பாக்கி. அது சரியான முடிவா, கஞ்சத்தனமா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அந்தப் பணம் செலவாகாமல் அப்படியே ஊர் திரும்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மகன் சிறிது நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வெளியே போனான். அரை மணி கழித்து வந்து, "சைவக் கடையில் கேட்டுட்டேன். ஒரு சாப்பாட்டுப் பார்சல் 350 ரூபாய். இருபத்துநாலு வேணும்னு சொல்லியிருக்கேன்" என்றான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புறாத்தீவு இருந்த இடம் ரப்பரால் தேய்க்கப்பட்டுக் கறுத்திருந்தது. 8,400 என்று அதன் மேல் எழுதியிருந்தான். பாட்டியிடம் தீவைப் பற்றி ஒன்றும் பேசக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்திரகாளி அம்மன் கோயில் வாயிலில் அமர்ந்திருந்த முதியோருக்கும், துறைமுகத்து வீதியில் சுமை இறக்கிவிட்டு நிழலில் இருந்தவர்களுக்கும் தாயார் தம் கையாலேயே பொதிகளைக் கொடுத்தார். ஓர் அம்மையார் வாங்கிக்கொண்டு, "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார். "இந்த ஊர்தான்" என்றார் தாயார்.

பிற்பகலில் தாயார் அறையில் உறங்கியபோது, மகனும் நானும் பேருந்தில் நிலாவெளிக்குப் போனோம். பதினைந்து கிலோமீட்டர், பேருந்துக் கட்டணம் நம் ஊர்க் காப்பி விலைதான். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடல் அமைதியாக இருக்கும். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் படகுகள் கரையேறிவிடும். அப்போது விடுதிகளில் வாடகை குறையும், ஆனால் பார்ப்பதற்கு மழையே மிஞ்சும். சித்திரைப் புத்தாண்டிலும் வெசாக் விடுமுறையிலும் வாடகை ஏறும் என்பதால் நாங்கள் வெசாக் முடிந்த பின்பே போயிருந்தோம். என் திட்டத்தில் பிழையில்லாத பகுதி அது ஒன்றுதான். தீவு கண்ணெதிரே இருந்தது. பாறைகளும், அவற்றின் மேல் புதர்களும், சுற்றிலும் வெளிர்பச்சை நீரும் தெளிவாகத் தெரிந்தன. மகன் முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தான். ஒரு படகு போய்த் திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கிய சிறுமி ஒருத்தி, ஆமை பார்த்ததாகத் தன் தாயிடம் கையை விரித்துக் காட்டிக்கொண்டு போனாள்.

இரவு ரயில் நிலையத்தில் கணக்கை முடித்தோம். மீதி 350 ரூபாய். நாலு பிளேன்டீக்கு 200 போயிற்று. எஞ்சிய 150ஐ மாற்ற வேண்டாம், தன்னிடமே இருக்கட்டும் என்று மகன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த முறைக்கு முன்பணமாம்.